பேரிகையிலிருந்து பெங்களூருக்கு ஒரு சம்பங்கி மாலை

தை மாதத்தில் பேரிகையில் பனி இறங்கினால் எதிரே வரும் மாடு தெரியாது. அதன் கழுத்து மணிதான் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு, ஓசூர் பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நின்றேன். கையில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் வாழை இலையும் ஈரத் துணியும் சுற்றிய ஒரு சம்பங்கி மாலை. அதன் பக்கத்தில் பழைய செய்தித்தாளில் மடித்த ஒரு புத்தகம். இரண்டையும் பகல் ஒரு மணிக்குள் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் சேர்க்க வேண்டும். அதற்குமேல் போனால் மெட்ராஸ் வண்டி புறப்பட்டுவிடும். அந்த வண்டியில் டாக்டரம்மா போய்விடுவார்.

டாக்டரம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு ஓட்டு பங்களாவில் பல வருடங்கள் இருந்த வெள்ளைக்கார அம்மாள். சுற்று வட்டாரத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, நர்ஸ்தான். ஆனால் ஜனங்கள் வைத்த பெயர் அது. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். பேரம் பேச மட்டும் தெலுங்கு. எனக்குப் பேரிகையில் முக்கால் ஏக்கர் பூந்தோட்டம். சனிக்கிழமை சனிக்கிழமை ஓசூருக்குப் பூ கொண்டுபோவேன். அவர் பங்களாவுக்கும் ஒரு கட்டு கொடுப்பேன்.

அவருடைய அலமாரியில் ஹவாய்த் தீவுகளைப் பற்றி நாலைந்து புத்தகங்கள் இருந்தன. கடலில் குளிக்கவும் வேடிக்கை பார்க்கவும் கப்பலேறி வருகிற வெளியூர்க்காரர்களுக்காக எழுதியவை. எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, அந்தத் தீவு ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று எல்லாம் இருக்கும். அவருடைய தம்பி அங்கே இருக்கிறாராம். வேலையை விட்டதும் அங்கேயே போய் இருந்துவிடப் போவதாகச் சொல்வார். ஒரு நாள் ஒரு படத்தைக் காட்டி, "முனிராஜு, இது என்ன பூ?" என்று கேட்டார். கப்பல் துறையில் ஒரு பெண் கழுத்து நிறைய மாலையோடு நின்றாள், சுற்றிலும் ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துச் சம்பங்கி! எனக்கு அந்தத் தீவின் மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

நான் நாலாவது வரை படித்தவன். தமிழ் படிப்பேன், இங்கிலீஷ் தெரியாது. அவர் இரவல் கொடுத்த புத்தகத்தை எங்கள் ஊர் வாத்தியார் சாயங்காலங்களில் தமிழில் சொல்வார். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்போம். அந்த ஊரில் சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் களியாக்கி விரலால் எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு விரலில் வந்தால் கெட்டி, இரண்டு விரல் வேண்டுமென்றால் இளக்கம். "நம்ம ராகிக்களிக்கு அஞ்சு விரலும் வேணுமே" என்றார் ஒருவர். பிறகு, வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. "இதுக்கெல்லாமா ஒரு புஸ்தகம்?" என்று எல்லோரும் சிரித்தோம். வாத்தியாருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

போன சனிக்கிழமை டாக்டரம்மா, "அடுத்த சனிக்கிழமை நான் போறேன். பெங்களூர் கண்டோன்மென்ட்ல பகல் ஒரு மணிக்கு வண்டி, அப்புறம் மெட்ராஸ்ல கப்பல்" என்றார். எனக்குப் பேச வரவில்லை. எப்போதுமே எனக்கு அந்த மாதிரி நேரத்தில் பேச வராது. பூக்கட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் 'போய்விட்டு வாருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை என்பது உறைத்தது. வாயால் சொல்ல முடியாததை மாலையாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்தத் தீவில் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு மாலை போட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

மாலையைக் கோத்தது என் மனைவி லட்சுமம்மா. நாங்கள் நாரில் கட்டுவோம். படத்தில் ஊசியால் நூலில் கோத்திருந்தது. "ஊசி பட்டா பூவுக்கு நோவாதா?" என்று சொல்லிக்கொண்டே நேற்று சாயங்காலம் முழுக்கக் கோத்தாள். முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ரோஜா வைத்தாள். அது புத்தகத்தில் இல்லை.

பஸ் ஆறு மணிக்கு வந்தது. ஓசூருக்குப் பதினேழு மைல், ஒன்பதணா. பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூடையை மோந்து பார்த்தாள்.

"மாலையா? யாரு வூட்ல சாவு?"

"சாவு இல்லீங்க."

"அப்ப கல்யாணமா? கல்யாணத்துக்கு ரெண்டு மாலையில்ல வேணும்? ஒண்ணுதானே வச்சிருக்கே."

"ஓசூர் டாக்டரம்மா ஊருக்குப் போறாங்க. அவங்களுக்குப் போட."

"அந்த மகராசியா! எங்க சின்னவளுக்கு அவங்கதான் பிரசவம் பார்த்தாங்க. சரி, யாரு போடறது?"

"நான்தான்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்பா, பொம்பளை கழுத்துல நீ மாலை போடுவியா? உன் ஊட்டுக்காரிக்குத் தெரியுமா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சத்தியமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் ஆண்களும் பெண்களும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வாரமாக அந்தப் படத்திலேயே இருந்துவிட்டேன். இப்போதுதான் பேரிகைக்குத் திரும்பி வந்தேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "கையில குடுத்துடுண்ணா. மந்திரிங்க கையிலதானே வாங்கிக்கறாங்க" என்றார்.

"மந்திரி வாங்கி அடுத்த நிமிஷம் பின்னாடி இருக்கறவன்கிட்ட குடுத்துடுவாரு. அது மரியாதையா?" என்றார் முன் சீட்டுக்காரர்.

"கால்ல வச்சுக் கும்பிட்டுடு."

"அவங்க என்ன சாமியா? பயந்துக்குவாங்க."

மாலையைக் கழுத்தில்தான் போட வேண்டும், கையில் கொடுப்பது அந்த ஊர் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? ஆற்றுப் பாலம் வந்ததும் வெளியே பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது கொத்தமல்லி அம்மாள் ஒரு கட்டை என் கூடையில் செருகி, "நான் குடுத்தேன்னு சொல்லு. அதை வேணா கையில குடு" என்றாள்.

எட்டு மணிக்கு ஓசூர். பஸ் ஸ்டாண்ட் கடையில் இட்லியும் காப்பியும், மூன்றணா. பெங்களூர் பஸ் ஒன்பதுக்குப் புறப்பட்டது. இருபத்தைந்து மைல், பதிமூன்றணா. அத்திப்பள்ளி எல்லையில் மைசூர் சர்க்கார் சேவகர்கள் கூடையைத் திறக்கச் சொன்னார்கள். மாலையைப் பார்த்த சேவகர் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாலைக்கு அந்த மரியாதை எல்லா ஊரிலும் இருக்கிறது.

பெங்களூர் மார்க்கெட்டில் இறங்கியபோது பதினொன்று. அங்கே பூக்கடை வரிசையைப் பார்க்காமல் போக என்னால் முடியாது. சம்பங்கி என்ன விலை என்று கேட்டேன். என் தோட்டத்துப் பூவைவிட மட்டம், விலை இரண்டு பங்கு. மனசுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அங்கிருந்து கண்டோன்மென்டுக்கு ஜட்கா, எட்டணா. வண்டிக்காரர் தமிழர். வழி முழுக்கக் குதிரையோடுதான் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பிளாட்பாரத்தில் டாக்டரம்மாவைக் கண்டேன். வெள்ளைக் கவுன், தலையில் தொப்பி, சுற்றிலும் ஓசூர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் இடுப்பில் குழந்தைகள். எல்லாம் அவர் கையில் பிறந்த குழந்தைகளாக இருக்கும். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். வாசனைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"முனிராஜு! எங்கேயோ சம்பங்கி வாசனை வருதேன்னு பாத்தேன். வா, வா."

பெண்கள் விலகி வழி விட்டார்கள். முதலில் கொத்தமல்லியைக் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் அதையும் மோந்து பார்த்துச் சிரித்தார். பிறகு மாலையை எடுத்தேன். தலை நுழைகிற அளவுக்கு அதை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

கை மேலே போகவில்லை. பின்னால் ஒரு போர்ட்டர், "போடு சாமி, வண்டி வந்துடும்" என்றார். ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா குனிந்த தலையோடு காத்திருந்தார். அந்த நேரத்தில் என் கை தானாக ஒரு வேலை செய்தது. கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, சரஸ்வதி பூஜை அன்று வீட்டில் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி அந்த மாலையைப் புத்தகத்தின் மேல் சுற்றி வைத்தேன். இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களையும் பார்த்தார். இத்தனை வருடம் எங்களோடு இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாலையை எடுத்துத் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார். ரோஜா சரியாக நெஞ்சுக்கு நேரே வந்தது.

"இந்தப் புத்தகத்துல இன்னொண்ணும் எழுதியிருக்கு, தெரியுமா? மாலை போட்டவங்க கன்னத்துல முத்தமும் குடுக்கணும்."

நான் இரண்டு எட்டு பின்னால் போய் ஒரு டிரங்குப் பெட்டியில் இடித்துக்கொண்டேன். பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். "பயப்படாதே. லட்சுமம்மாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்றார் அவர். நானும் சிரித்துவிட்டேன்.

வண்டி வந்தது. பெட்டிகள் ஏறின. ஜன்னல் வழியாகப் புத்தகத்தை என்னிடமே நீட்டினார். "நான் நேரிலே பாக்கப் போறேன். இனிமே எனக்கு எதுக்கு? வாத்தியார் பாதியிலதானே நிறுத்தியிருக்காரு." பிறகு மாலையைத் தொட்டுக்காட்டி, "கப்பல் கெளம்பினதும் இதைக் கடல்ல போடுவேன். கரைக்குத் திரும்பி வந்தா, போனவங்களும் ஒரு நாள் திரும்பி வருவாங்களாம். அந்த ஊர் நம்பிக்கை" என்றார்.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். "போயிட்டு வாங்கம்மா" என்றேன். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றது. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. பிளாட்பாரத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அவர் கையாட்டினார். கடைசிப் பெட்டி போகும்வரை நின்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓசூர் திரும்பும் பஸ் எல்லை தாண்டியது. நம் பக்கத்தில் மதுவிலக்குப் போலீஸார் மைசூரிலிருந்து வருகிறவர்களின் மூட்டையைப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் வாயை ஊதச் சொல்வார்கள். "எதுக்கு இவ்வளவு சந்தோஷமா இருக்கே? ஊது" என்றார் ஒருவர். ஊதினேன். இட்லி வாசனைகூட வந்திருக்காது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர் இது?" என்றார். "ரொம்ப தூரம் சார். ஆனா அங்கயும் செருப்பை வாசல்லதான் கழட்டறாங்க" என்றேன். முன்பின் தெரியாத போலீஸ்காரரிடம் நான் இத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் லட்சுமம்மா கேட்ட முதல் கேள்வி, "யாரு போட்டது?"

"அவங்களே போட்டுக்கிட்டாங்க."

"அதான் எனக்கும் யோசனையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போனாள். பாதி வேலையில் திரும்பி வந்து, "ரோஜா எங்க வந்துச்சு?" என்று கேட்டாள். நெஞ்சுக்கு நேரே என்றேன்.

ஹவாய்த் தீவுக்கு நான் போகப்போவதில்லை. கடலையே பார்த்ததில்லை. மெட்ராஸில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கடற்கரைப் பக்கம் போகும்போது மணலில் ஒரு கண் வையுங்கள். நாரில் கட்டாமல் நூலில் கோத்த சம்பங்கி மாலை ஒன்று ஒதுங்கியிருந்தால் அது எங்கள் வீட்டு மாலை. வாடியிருந்தாலும் பரவாயில்லை. பேரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள்.