முதல்நிலைச் சான்று

கிருஷ்ணகுமாரியும் நானும் இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள். அவளுடைய அப்பா இறந்தபிறகு அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். பெரியம்மாதான் அவளை வளர்த்தார். இப்போது நாங்கள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அவள் ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, தாய்மார் வெளிநாடு போன தோட்டத்துப் பிள்ளைகள். வேறு எதை எடுப்பாள்?

முதல் வரைவை ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சேர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எல்லாம் இணையத்துல அள்ளினது. போன தாய் ஒருத்தராவது இதுல பேசுறாங்களா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? திரும்பி வந்தவர்களிடம் வீடுவீடாகப் போய்க் கேட்டோம். "நல்லாத்தான் இருந்தேன் புள்ள" என்பதற்கு மேல் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"எங்கம்மாவையே கேக்கப் போறேன்," என்றாள் குமாரி. "ஆய்வு கெடக்கட்டும்டி. அம்மா ஏன் இன்னும் வரலன்னு எனக்குத் தெரியணும்."

லயத்தில் சிக்னல் கிடைக்காது. குவைத்தில் லீவு நாளான வெள்ளிக்கிழமை, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய் அம்மாவுக்கு போன் எடுத்தோம். நான் போனைப் பிடித்துக்கொண்டேன், அவள் எழுதினாள். முறைப்படி முதலில் சம்மதம் கேட்டாள்.

"உங்க பேரு எங்கயும் வராதுங்க. விருப்பமில்லாத கேள்விய விட்டுரலாம்."

"அடி ஆத்தி! பெத்தவகிட்டயே என்னா மரியாத!" என்று அம்மா சிரித்தார்.

"ஆய்வுன்னா அப்படித்தாம்மா. என்னைய வேத்தாளா நெனச்சுக்கிட்டுப் பேசுங்க."

அம்மா நிஜமாகவே அப்படித்தான் பேசத் தொடங்கினார். அடி வாங்கியதை, பட்டினி கிடந்ததை, வீடு மாறியதை எல்லாம் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குமாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"ஒப்பந்தம் முடிஞ்சும் நீங்க ஏன் ஊருக்குப் போகல?"

"இந்த வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருக்குங்க. பொறந்ததுலருந்து நாந்தான் வளக்குறேன். நான் ஊட்டாட்டி சாப்புடாது. அவுங்க பாஷையில என்னத்தான் அம்மான்னு கூப்புடுது. அத விட்டுட்டுப் போக மனசு வரலைங்க."

பேனா நின்றது. எனக்கு போனை அணைத்துவிடலாம் போலிருந்தது.

"இத எம் மககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க," என்றார் அம்மா.

"சொல்ல மாட்டேங்க," என்றாள் கிருஷ்ணகுமாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியை வாசித்தாள்.