ரயில் பெட்டியில் ஒரு குழாய் ரத்தம்

2009-ல், கத்திரி வெயில் சமயம். தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ரத்தத்தில் எங்கோ ஒன்றிரண்டாகத் திரியும் புற்றுநோய் செல்களைத் தனியாகப் பிடிப்பதுதான் என் வேலை. அதற்குத் தபால்தலை அளவில் ஒரு சிப் செய்திருந்தேன். உள்ளே தலைமுடி கனத்தில் வாய்க்கால்கள், அவற்றில் குட்டிக் குட்டித் தூண்கள். ரத்தத்தை மெதுவாகச் செலுத்தினால் சிவப்பணுக்கள் நழுவிப் போய்விடும். பருத்த புற்றுநோய் செல்கள் தூண்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மாட்டும் என்று எனக்குத் தெரியும். என் பேராசிரியருக்குத்தான் சந்தேகம். ஆய்வகத்தில் வளர்த்த செல்களை ரத்தத்தில் கலந்து பிடித்துக் காட்டினேன். "நீயே போட்டு நீயே எடுக்கறதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றார். நிஜ நோயாளியின் ரத்தத்தில் பிடித்துக் காட்டு, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

நகரத்து மருத்துவமனை ஒன்றில், அன்று அறுவை சிகிச்சைக்குப் போகவிருந்த ஒருவர் சம்மதித்து ரத்தம் கொடுத்தார். கட்டியை எடுத்துவிட்டால் ரத்தத்தில் அந்தச் செல்கள் குறைந்துவிடும், இதே ரத்தம் திரும்பக் கிடைக்காது. குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சில மணி நேரத்துக்குள் சிப்பில் ஏற்ற வேண்டும். சூடு ஆகாது; ஐஸ் நேராகப் பட்டாலும் செல்கள் உடைந்துவிடும். அடியில் தங்காதபடி மெல்லச் சாய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். இறுக மூடிய குழாயை டப்பாவுக்குள் டப்பாவாக வைத்து மின்சார ரயில் ஏறினேன். தாம்பரம் என்ன தூரமா, பூ மாதிரி கொண்டுபோய்விடுவேன் என்ற தைரியம்.

பழவந்தாங்கல் தாண்டியதும் ரயில் நின்றது. மேலே மின்கம்பி அறுந்துவிட்டதாம். மின்விசிறியும் நின்று, பெண்கள் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. தண்டவாளத்தில் குதித்தால் குழாய் குலுங்கும். வேறு வழியில்லாமல் மடியில் டப்பாவைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாசலருகே கூடையோடு இருந்த மீன்கார அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா, கொயந்தைய தாலாட்டற மாரி டப்பாவ ஆட்டிகினே கீற?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "என் தங்கச்சியும் இதுலதான் பூட்டா" என்றார். பிறகு, "கண்டுபுட்ச்சினா அவங்களாண்ட சொல்லுவியா?"

யாரென்றே எனக்குத் தெரியாது, இது இன்னும் வைத்தியம் ஆகவில்லை, வெறும் சோதனைதான் என்றேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சரி வுடு. இவங்களுக்கு இல்லாங்காட்டி பின்னால வர்றவளுக்கு ஆவட்டும்" என்று கூடையிலிருந்து ஐஸை அள்ளினார். "ஐயோ, ஐஸ் படக்கூடாதுக்கா!" என்று பதறினேன். எதிரே இருந்த பர்தா போட்ட பெண் தன் டிபன் பையைக் காலி செய்து நீட்டினார். அதில் ஐஸைப் போட்டு, மேலே மடித்த கோணியும் என் துப்பட்டாவும் வைத்து, அதற்கு மேலாக டப்பாவைப் பிடித்தோம். இதமான குளிர்ச்சி வந்தது.

என் மணிக்கட்டு மரத்துப் போயிருந்தது. அக்கா தன் கையைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைத்தார். "கை மீன் நாத்தம் அடிக்கும். டப்பா மேல பட்டா ஒண்ணியும் ஆவாதே?"

ஒன்றும் ஆகாது என்று கொடுத்தேன். அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சாய்க்க, ஒருவழியாக ரயில் கிளம்பித் தாம்பரம் வந்தது. "வயி வுடுங்கமா, உசுரு கீது இதுல!" என்ற அக்காவின் குரலுக்குக் கூட்டம் ஒதுங்கியது.

மதியம் சிப்பில் ஏற்றினேன். பேராசிரியர் கைகட்டிப் பின்னால் நின்றார். புற்றுநோய் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தூண்களுக்கு நடுவில் பச்சையாக ஒன்று மின்னியது. நகர்த்தினேன், இன்னொன்று. பேராசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "தலைப்பு இதுவே இருக்கட்டும்மா" என்றார்.

குதிக்க வேண்டிய நேரம். எனக்கோ, அதே வேளையில் எங்கோ மயக்கத்தில் படுத்திருந்த அந்த முகம் தெரியாத மனிதரின் நினைவுதான் வந்தது. என் கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது அவருடைய நோய். இன்றும் இதே துறையில்தான் இருக்கிறேன். தங்களுக்கு எந்த லாபமும் இல்லை என்று தெரிந்தும் வேர்த்து வழிந்தபடி அந்த டப்பாவைத் தாங்கிய இரண்டு பெண்களைப் பார்த்த பிறகு, யாருக்காக உழைக்கிறோம் என்ற சந்தேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.