அழித்த பொட்டு

கொழும்பில் படித்து பி.ஏ. பட்டத்தோடு நான் கண்டிக்குத் திரும்பியபோது, அப்பாவின் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லோரும் எனக்கு வேலை காத்திருக்கிறது என்றே பேசினார்கள். இரண்டு வருஷம் கழிந்தும் நான் அம்மாவுக்குத் தேங்காய்தான் துருவிக்கொண்டிருந்தேன்.

வாவிக்கு மேலே மேட்டில் இருந்த மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்க ஆள் தேடினார்கள். நாங்கள் சைவம். பொட்டோடு போனால் உள்ளேயே விடமாட்டார்கள் என்று பயந்து, பள்ளிக்கூடப் படலை வாசலில் நின்று, லேஞ்சித் துணியை எச்சிலில் நனைத்து நெற்றியைத் தேய்த்தேன். வெட்கத்தைவிட ஆத்திரம்தான் கூட.

வெள்ளைக்காரத் தலைமையாசிரியை என் சான்றிதழைப் பார்க்கவில்லை. நெற்றியைத்தான் பார்த்தார். சிறு வயதிலிருந்து சாந்து வைத்த இடம் வட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கிறிஸ்தவ சபை என்று கேட்டார். என் கை தானாக நெற்றிக்குப் போனது. அன்பாகவே அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு சைவப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போனேன். மனேஜருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

"நல்ல சைவப் பிள்ளை. ஆனால் கலியாணம் முடிஞ்சால் விட்டிட்டுப் போயிடுவியள். இந்த வேலையைக் குடும்பக்காரன் ஒருத்தனுக்குக் குடுக்கிறதுதானே நியாயம், பிள்ளை?"

அந்தக் கலியாணமாவது நடந்ததா? பெண் பார்க்க வந்தவர்கள், இவ்வளவு படித்த பிள்ளை எங்களுக்குச் சரிவராது என்று சொல்லி, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். கோப்பைகளை நான்தான் கழுவினேன்.