இரண்டு சுழியும் மூன்று சுழியும்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு வெளிநாடு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் நாங்கள் நான்கு பேர் ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தோம். மூத்தவரை அண்ணை என்போம். சமையல் அவர் பொறுப்பு. ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்ததும் அவர் மோர்னிங்சைட்டில் வீடு எடுத்துப் போய்விட்டார். நாங்கள் மூவரும் கடைப் பாணும் தகரத்தில் அடைத்த ரின் மீனுமாகக் கிடந்தோம்.

நான் படித்த கொலிஜின் கொம்பியூட்டரில், இணையத்தில் தமிழர்கள் கூடி அரட்டை அடிக்கும் குழு ஒன்று உண்டு. தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதுவோம். ஒருநாள் பசிக் கடுப்பில் எழுதினேன்: "அண்ணை எங்களை விட்டிட்டுப் போயிட்டார். இனி ஆர் எங்களுக்குப் புட்டு அவிச்சுத் தாறது?" அடியில் வழமைபோல என் பெயரும் ஊரும் சென் ஜேம்ஸ் ரவுணும். நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை வோபர்னிலிருந்து என் சொந்த அக்கா போன் எடுத்தார். எடுத்தவுடனே அழுகை.

"அம்மா போயிட்டாவாமடா. தமிழ்ப் பேப்பரிலை கிடக்கு, உன்ரை பேரோடை. எனக்கேன்ரா சொல்லேல்லை?"

"எனக்கே தெரியாது அக்கா," என்றேன்.

அப்போது எங்கள் ஊரில் போன் இல்லை. அம்மாவின் கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. பேப்பர்காரருக்கு ஊரில் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கு முதலில் தெரிந்திருக்கும் என்றே நம்பினேன். லிப்டுக்குக் காத்து நிற்க முடியாமல் பதினேழு மாடியும் படியால் இறங்கினேன். தமிழ்க்கடை வாசலில் பேப்பர் கட்டுக் கட்டாகக் கிடந்தது.

இரண்டாம் பக்கம். என் பெயர். "இவரது அன்னை தாயகத்தில் இறைவனடி சேர்ந்தார் என இணையம் மூலம் அறிய முடிகிறது." அரிசி மூட்டையில் இருந்துவிட்டேன். பிறகுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. "இனி ஆர் எங்களுக்குப் புட்டு அவிச்சுத் தாறது என்று அவர் கதறியமை நெஞ்சை உருக்கியது."

என்னுடைய வரி! ஆங்கில எழுத்தில் அண்ணையும் அன்னையும் ஒன்றுதான். மூன்று சுழி ண்ணை இரண்டு சுழி ஆக்கி அம்மாவை ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். மூட்டையில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்காரர் பயந்துபோனார். அவருடைய போனிலேயே அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். அக்கா திட்டித் தீர்த்தார். அந்தத் திட்டு அன்று அவ்வளவு இனித்தது.

பேப்பர் ஆசிரியரை விடுவேனா? போன் எடுத்துக் கேட்டேன்.

"இன்ரநெற்றிலை கிடந்தது தம்பி."

"அதை எழுதினதே நான்தான். 'போயிட்டார்' எண்டெல்லோ எழுதினனான். எங்கடை பேச்சிலை அம்மாவெண்டால் 'போயிட்டா' எண்டெல்லோ வரும்?"

"மரியாதையா எழுதியிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே?"

"செத்த வீட்டுக்குப் போன் எடுத்து, உண்மையாச் செத்ததோ எண்டு எப்பிடித் தம்பி கேக்கிறது?"

மனிதர் நல்லவர்தான். அதுதான் எரிச்சல்.

பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அண்ணை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு பஸ்ஸும் சப்வேயும் மாறி, ஒரு பெரிய சட்டி புட்டோடு வந்திருந்தார். முகம் வாடிக் கிடந்தது. செத்தது அம்மா இல்லை, அவர்தான் என்று விளக்கியபோது, "அப்ப எனக்கும் ஒரு கோப்பை புட்டுப் போடு," என்றார். வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

ஆனால் அன்றிரவு படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பேப்பர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அம்மா சுகமாக இருக்கிறார் என்பது? அக்காவுக்கு அடித்துச் சொன்ன நானும் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை.

ஒரு மாதமும் தாண்டி, ஐந்து கிழமை கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மேல் மூலையில் இருந்த திகதியைத்தான் பார்த்தேன். பேப்பர் வந்த சனிக்கிழமைக்குப் பத்து நாள் பிந்திய திகதி. உடனே அக்காவுக்குப் போன் எடுத்து, அந்தத் திகதியை மட்டும் வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசி," என்றார் அக்கா.