மடுல்கெல்லைக்கு ஏறிய பாரம்

மாசி மாதம், முதல் சனிக்கிழமை. காலை 6.40: கண்டி வீட்டிலிருந்து புறப்பாடு. பாரம் ஏற்றும் சிறு கெப் வண்டியின் பின்னால் இரு சக்கர ட்ரெய்லர். அதில் இரும்பு அலுமாரிகள் இரண்டு, புத்தகப் பெட்டிகள் முப்பத்தொன்று. 7.25: வத்தேகமைக்கு அப்பால் ஏற்றத்தில் ஸ்டியரிங் இலேசாகிவிட்டது, முன்சக்கரங்கள் திருப்பத்துக்கு உடன்படவில்லை. 7.30: ஒரு கராஜுக்கு எதிரே நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். யாருக்கும் காயமில்லை.

புத்தகங்கள் என் மனைவியுடையவை. நாற்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவள். தான் பிறந்த மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் வாசிப்பு அறை ஒன்றைத் திறப்பதாகச் சொல்லியிருந்தாள். அறைக்கு வெள்ளையடித்த மாதத்தில் இறந்தாள். கருமாதி முடிந்த கையோடு அவளுடைய தம்பி தன் கருத்தைச் சொன்னான்.

"எடைக்குப் போட்டுருங்க மச்சான். இப்ப யாரு படிக்கிறா? இல்லாட்டி நான் லொறி பேசித் தாறேன். எழுபத்திரண்டு வயசுல மலையில ட்ரெய்லர் இழுக்கவா போறீங்க?"

"போறேன்," என்றேன்.

கல் வைத்த இடத்திலிருந்து வீடு திரும்பியிருந்தால் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும். ஆகவே திரும்பவில்லை.

கராஜ்காரர் வண்டியைச் சுற்றிவந்தார். பின்பம்பர் தரையை நெருங்கியிருந்தது, முகப்பு அண்ணாந்திருந்தது.

"சேர், இது மடுல்கெல்லைக்குப் போற வண்டியா, சந்திரனுக்குப் போற வண்டியா? லைட்டெல்லாம் மரத்து உச்சிய பாக்குது."

"ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூட்டினால் சரியாகுமா?"

"கூட்டலாம். ஆனா குத்தம் ஸ்பிரிங்ல இல்ல, ஏத்தினதுல. பெட்டி முழுக்க ஏன் முன்னுக்கு அடுக்கினீங்க?"

ஏற்றத்தில் பாரம் பின்னால் சரியும் என்று தோட்ட லொறிகளில் முன்பலகையோடு ஒட்டித்தான் அடுக்குவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நானும் அப்படியே செய்திருந்தேன். லொறிக்கு அது சரி. ட்ரெய்லரிலோ முன்பாரம் கெப்போடு இணைக்கும் கொக்கியில் இறங்கி, கெப்பின் பின்பகுதியை அமுக்கி, முன்சக்கரங்களை இலேசாக்கிவிடுகிறது. நெம்புகோல் பாடம். அதைக் கற்பித்தவள் இருந்திருந்தால் வாசலிலேயே சிரித்திருப்பாள்.

அலுமாரிகளைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே நகர்த்திப் பெட்டிகளைப் பின்னுக்கு மாற்றினோம். கெப் நிமிர்ந்தது. அருகிலிருந்த சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது ட்ரெய்லர் வாலாட்டியது. அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருந்தோம். ஆறு பெட்டிகளை முன்னுக்குக் கொண்டுவந்ததும் ஆட்டம் நின்றது. கெப்பின் பின்பகுதி சற்றே தாழ்ந்தது.

"அவ்வளவு தாழ்வு வேணும் சேர். இப்ப போங்க. அவசரம் மட்டும் வேணாம்."

கட்டுக் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது மைத்துனன் தொலைபேசியில் வந்தான்.

"எங்க நிக்கிறீங்க மச்சான்? லொறிய அனுப்பவா?"

"லொறி வேணாம். நீ தோட்டத்துக்கு வா. அலுமாரி எறக்க ஆள் வேணும்."

வயதுக்கு ஏற்றபடி நடக்கச் சொல்பவர்களோடு நான் விவாதிப்பதில்லை. முதல் கியரில் ஏறினேன். ஸ்டியரிங் கையில் கனத்தது, திருப்பங்கள் கீழ்ப்படிந்தன.

வாசிப்பு அறை வாசலில் மைத்துனன் நின்றான். ஒரு பெட்டியைத் தூக்கி உடனே கீழே வைத்தான்.

"என்ன மச்சான், இந்தப் பாரம்!"

"எடைக்குப் போடச் சொன்னது நீதானே," என்றேன்.

அவன் மறுபடி குனிந்து தூக்கினான். முப்பத்தொன்றும் உள்ளே போயின.

இன்னும் செய்யாதவை:

ட்ரெய்லரின் இடது பின்விளக்கு.

ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டுதல்.

வீட்டில் மிஞ்சியிருக்கும் பதினேழு பெட்டிகள். நானேதான் கொண்டுபோவேன்.

அவள் பாதி வாசித்து அடையாளத்தாள் வைத்த புத்தகம். அதை எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை.