மூடிய ஜன்னலும் டர்போ காரும்

ஒரு காரோடு சண்டை போட்டவள் நான். என் கணவர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் அது. வாங்கிய அன்றே சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கினோம். என்ன பிரயோசனம்? சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் கவிழ்ந்து அவர் வலது கையை உடைத்தது, கலகலப்பான பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. நொறுங்கிய கார் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே அவர் விடமாட்டார்.

பழைய இரும்புக்குப் போட நினைத்திருந்தபோது, அதே ரகக் கார் வைத்திருக்கும் ஒருவர் கமுந்திங்கிலிருந்து வந்தார்.

"டர்போ மட்டும் போதும் அக்கா. எங்கயும் கிடைக்கல லா."

தொலையட்டும் என்று சம்மதித்தேன்.

துருப்பிடித்த நட்டு அசையவில்லை. சுத்தியலால் ஓங்கி ஓர் அடி போட்டார். அடுத்த அடிக்குள் ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடிக்காதீங்க அண்ணே, போல்ட்டு ஒடிஞ்சிரும்! சூடு காட்டி எண்ணெய் விடுங்க லா!"

கட்டுப்போட்ட கையோடு, செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார் என் கணவர். வந்தவர் நெருப்புக் காட்ட, இவர் இடது கையால் ஸ்பேனரைத் திருப்பினார். நட்டு முனகிக்கொண்டே சுழன்றதும் இருவரும் கத்திச் சிரித்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

வந்தவர் டர்போவோடு போன பிறகும் இவர் உள்ளே வரவில்லை.

"கியர்பாக்ஸும் நல்லாத்தான் இருக்கு, யாருக்காச்சும் உதவும். நாளைக்குக் கழட்டலாம். காருக்குக் கீழ இருட்டா இருக்கும், டார்ச் புடிக்கிறியா?"

அந்தக் காரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறேன்.