செவ்வாய்க் கிரகத்தின் கடைசிப் பாகம்

என் இரண்டு காதுகளின் மீது ஆணையாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் இல்லை. 1988, ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பம்பு கம்பெனி வாசலில், பொழுது சாய்ந்த நேரத்தில் நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் டீ குடிக்கலாம்.

கம்பெனியைப் பூட்டி ஐந்து மாதம். எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலாளி பெயரைச் சொல்லி மைக்கில் பேசினால் போலீஸ் தூக்கியது. அதனால் வேம்புலி கதையைச் செவ்வாய்க் கிரகத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

வேம்புலி வார்ப்படப் பட்டறை ஆள். சங்க நாடகங்களில் ராஜபார்ட். அவன் எழுதிய செவ்வாயில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. எங்களைப் போல டோக்கன் நம்பர்தான். காற்று ரேஷனில் வரும். கவர்னர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதவனுக்குக் காற்று கட். நூற்றேழாம் நம்பர் தொழிலாளி மட்டும் எதிர்த்து நிற்பான். அந்தக் குரல் வேம்புலியுடையது. வாரம் ஒரு பாகம் கேசட்டில் பதிந்து, ஞாயிறு சாயங்காலம் மைக்செட்டில் போடுவோம். கள்ளிக்குப்பத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்து கேட்டார்கள். போலீஸ்காரரும் நின்று கேட்டார். செவ்வாய்க் கிரகம் அவர் ஸ்டேஷன் எல்லையில் வராது.

பட்டன் அழுத்துவது என் வேலை. ஒரு கை எப்போதும் ஸ்பீக்கர் பெட்டி மேல் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் வேம்புலி முதலில் என் எதிரே உட்கார்ந்து, முகத்தோடு முகமாக நடித்துக் காட்டுவான்.

வந்தது கடைசிப் பாகம். நூற்றேழு கையெழுத்துப் போடுவானா, மாட்டானா? மறுநாள் எங்கள் ஓட்டெடுப்பும் அதற்குத்தான். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வரை வெளியே நிற்பதா, வயசான நாற்பது பேரைக் கழித்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவதா? அந்த நாற்பதில் நான் ஒருவன். நூற்றேழு எந்தப் பக்கமோ, கூட்டம் அந்தப் பக்கம்தான் கை தூக்கும்.

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் வேம்புலி பதியவில்லை. அவன் நெஞ்சு முழுக்கப் பட்டறை மணல். கம்பெனியைப் பூட்டியதும் மருந்து நின்றது. வியாழக்கிழமை மூச்சு நின்றது. செவ்வாயில் காற்றை நிறுத்த ஒரு கவர்னர் வேண்டியிருந்தது. இங்கே ஒரு பூட்டு போதும்.

"நாடகத்த பாதில வுடக்கூடாதுப்பா" என்று சங்கச் செயலாளர் ஜானகிராமன் அந்த வசனத்தைத் தானே பேசிச் சேர்த்தார். என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு. மணி ஆறு பத்து. பட்டனை அழுத்தினேன். பெட்டி அதிர்ந்தது. கூட்டம் அசையவில்லை. முன்வரிசையில் வேம்புலியின் மனைவி சுசீலா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு நாற்பது. கரண்ட் போனது.

மழை மேகம் வேறு. ஒரே இருட்டு. யார் வாயும் தெரியவில்லை. என் கை பெட்டி மேல்தான் இருந்தது... அதிர்வு இல்லை. செத்த பெட்டி.

அப்போதுதான் அந்த இருமல்.

சின்னதாய் இரண்டு... நீளமாய் ஒன்று.

அந்தக் காலத்தில் பக்கத்துப் பட்டறையிலிருந்து நான் கேட்ட அதே இருமல்.

பிறகு குரல். என் வலது காதை ஒட்டி.

"அண்ணாத்தே... ஜானகிராமன் வியாயக்கெயமயே உள்ள போயி கையெயுத்து போட்டுட்டான்... உன்ன வுட்டுட்டு."

சூடில்லாத மூச்சு.

மணல் வாசனை...

கத்திவிட்டேன். வேம்புலி வந்தான், இன்னது சொன்னான் என்று அப்படியே சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

மைக்செட் சாதுல்லா டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றான்.

"இன்னா நைனா, உனுக்கா கேட்டுச்சு? எங்க யாருக்கும் கேக்கல... உனுக்குக் கேட்டுச்சா?"

டார்ச்சைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். பந்தலே சிரித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதத்தில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சுசீலா சிரிக்கவில்லை. ஜானகிராமனும் சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்தது. பெட்டி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் முகங்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின. என்ன வசனம் என்று தெரிந்துகொள்ள எனக்கு அது போதும். நூற்றேழு கையெழுத்துப் போட்டுவிட்டான்.

மறுநாள் கைகள் உயர்ந்தன. கேட் திறந்தது. மற்ற எல்லோரும் உள்ளே போனார்கள். நாற்பது கிழவர்கள் பந்தலைப் பிரித்தோம்.

பொங்கல் கழித்து வாட்ச்மேன் மதுரைவீரன் டீக்கடையில் விஷயத்தைக் கக்கினான். ஜானகிராமன் பின் கேட் வழியாக மேனேஜர் அறைக்குப் போனாராம். பேனாவை மூடிக்கொண்டே வெளியே வந்தாராம். வியாழக்கிழமை மத்தியானம். அங்கே வேம்புலி கடைசி மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்த அதே நேரம். இன்று ஜானகிராமன் சூப்பர்வைசர். அறையில் ஏசி. காற்றுக்குக் குறைவில்லை.

அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, "எப்பிடி நைனா உனுக்குத் தெரிஞ்சுது?" என்றார்கள். உள்ளதைச் சொன்னேன். காதால் கேட்டேன்.

ஒரு தகவல் பாக்கி. எண்பத்திரண்டிலேயே, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன. இடி இடித்தாலும் கேட்காது.